நாற்காலியில் போர்வை மட்டும்

கைதட்டல் கேட்டதும் எனக்கு மனசு விட்டுப்போனது. மேடையில் பேத்தி வெறும் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இத்தனை நேரம் அவளோடு பேசிக்கொண்டிருந்த அப்பத்தா இல்லை. எங்கள் நாடகத்திலேயே கனமான இடம் அதுதான். அரங்கம் மூச்சு விடாமல் உட்கார்ந்திருக்கும் என்று நம்பி மூன்று வாரம் உழைத்திருந்தோம். ஆனால் தட்டினார்கள். பின்வரிசையிலிருந்து விசில் வந்தது. பேத்தியாக நடித்த பெண், சத்தம் ஓயட்டும் என்று காத்திருந்து பிறகு அழ ஆரம்பித்தாள். அந்த அழுகையோடு சேர்ந்து போக யாரும் தயாராக இல்லை. எல்லோரும் அப்பத்தா எந்த வழியாகப் போனாள் என்று பக்கத்து ஆளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கதை இதுதான். பல வருடம் கழித்து ஊருக்கு வரும் பேத்தி முன்னறையில் அப்பத்தாவோடு விடிய விடியப் பேசுகிறாள். முடிவில்தான் தெரிகிறது, அப்பத்தா போய்ச் சேர்ந்து பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. அப்பத்தாவின் கடைசி வசனம் பாதியில் நிற்கும்: “பானையில தண்ணி இருக்கு, மோந்து குடி. மேல்தட்டுல உனக்குன்னு ஒண்ணு…” அவ்வளவுதான். அந்த “ஒண்ணு” என்ற சொல்லுக்குப் பிறகு அவள் இருக்கக்கூடாது.

முதலில் செய்தது புகையும் இருட்டும். புதிதாக நாடகம் போடுகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் தொடங்குவார்கள், நாங்களும் தொடங்கினோம். புகை இயந்திரம் சூடாகவே சில நிமிடம் எடுக்கும். அதை விட்டுவிட்டுச் சரியான நேரத்தில் பொத்தானை அமுக்கினால் ஒன்றும் வராது. வரும்போது ‘புஸ்ஸ்’ என்று சத்தம் போடும். அமைதியான காட்சியில் அது பாம்பு புகுந்த மாதிரி கேட்கும். அரங்கத்து மின்விசிறிகள் ஓடினால் புகை மேடையில் நிற்காமல் முதல் வரிசைக்கு இறங்கும், அங்கே இருமல் ஆரம்பிக்கும். மேடைக்கு மேலே புகை உணரும் கருவி இருந்தால் அபாய மணியே அடித்துவிடும். அரங்கப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

இருட்டு இன்னும் பெரிய பாடம். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டால் இருட்டு வந்துவிடும் என்று நினைத்தேன். பழைய ஹாலஜன் மேடை விளக்கை அணைத்தாலும் உள்ளே இழை குளிர்ந்து கறுக்க ஒரு கணம் ஆகும். அந்தச் சிவந்த மினுக்கில் எங்கள் அப்பத்தா எழுந்து நடப்பது முழுக்கத் தெரிந்தது. காரணம், அவள் உடுத்தியிருந்தது வெள்ளைச் சேலை. வெள்ளைச் சேலை, நரைத்த தலை, மூக்குக்கண்ணாடியில் ஒரு பளபளப்பு. மேடையில் மறைய வேண்டிய ஆளுக்கு இதைவிடக் கெடுதலான உடை கிடையாது. போதாததற்கு வாசல் மேல் எரியும் வெளியேறும் வழி விளக்கு, மடியில் வெளிச்சம் காட்டும் கைபேசிகள். எல்.இ.டி. விளக்கு சட்டென்று அணையும் என்பதால் அந்தக் காட்சிக்கு மட்டும் அதை வாடகைக்கு எடுத்தோம். இருட்டுக்கு முன்னால் மேடையை நன்றாகப் பளிச்சென்று வைத்தோம். வெளிச்சத்தில் பழகிய கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20, 30 நிமிடம் எடுக்கும், முதல் சில விநாடிகளில் கிட்டத்தட்டக் குருடுதான். அந்தச் சில விநாடிகள் எங்களுக்குப் போதும்.

இத்தனையும் சரிசெய்து, ஒரு வெளிச்ச வெட்டு, புகை, 2 விநாடி இருட்டு என்று கோத்து மேடையேற்றினோம். பிசகே இல்லாமல் நடந்தது. அதற்குத்தான் கைதட்டல்.

அன்று கூட்டம் கலைந்தபிறகு ஒரு பெரியவர் மேடைப் பக்கம் வந்தார். ஊர் ஊராகப் போகும் நாடகக் கம்பெனிகளில் சின்ன வயதிலிருந்தே சீன் கட்டியவர். நாங்கள் அவரை அண்ணாச்சி என்றே கூப்பிடுவோம். படுதாக்கயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

“தம்பி, மனோகர் நாடகம் பாத்திருக்கீங்களா?”

“கேள்விப்பட்டிருக்கேன் அண்ணாச்சி. பாக்கக் கொடுத்துவைக்கல.”

“இலங்கேஸ்வரன்ல தந்திரக் காட்சி வரும்போது சனம் தட்டும் பாருங்க, கூரை அதிரும். அது ராவணன் கதை. மாயம் பண்ணினா தட்டத்தான் செய்வான். உங்க அப்பத்தா மறைஞ்சா எதுக்குய்யா தட்டணும்?”

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் அடுத்த ஒரு வருடமும் ஓடியது. ஆர்.எஸ். மனோகரின் நேஷனல் தியேட்டர்ஸ் புராண நாடகங்களுக்கு ஜனங்கள் தந்திரக் காட்சிகளைப் பார்க்கவென்றே வந்தார்கள். ஆந்திரத்தில் 1885இல் தொடங்கிய சுரபி நாடகக் குடும்பங்கள் இன்றும் மாயாபஜார் போட்டால், பார்க்கிறவர்கள் வாய் பிளப்பதற்காகவே உட்கார்ந்திருப்பார்கள். அங்கே வியப்புதான் உணர்ச்சி. எங்கள் அப்பத்தாவுக்கு வேண்டியது வியப்பு இல்லை, இழப்பு. ஆள் மறைந்த வித்தை பார்க்கிறவர் மனசில் நின்றால் ஆள் போன துக்கம் நிற்காது. இதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளாமல் சாமான் வாங்கப் போனதுதான் நான் செய்த பெரிய தப்பு.

மேடைப் பலகையில் கதவு வெட்டி ஆளைக் கீழே இறக்கலாம் என்று குழுவில் ஒரு தம்பி சொன்னான். அண்ணாச்சி தன் இடது முழங்காலைத் தட்டிக் காட்டினார். அப்படி இறங்கும்போது ஒருமுறை உடைந்ததாம். எங்கள் அப்பத்தாவாக நடித்தவர் ஓய்வு பெற்ற ஆசிரியை, வயது 62. அந்தப் பேச்சை அங்கேயே விட்டோம். இளம் ஆளை வைத்துச் செய்கிறவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். கீழே ஆள் இறங்கும் குழி இருந்தால் உலர்பனிப் புகையைப் பக்கத்திலேயே விடாதீர்கள். அது கரியமில வாயு, காற்றைவிடக் கனமானது. பார்க்க அழகாகத் தரையோடு தவழும், தவழ்ந்து நேராகக் குழிக்குள் இறங்கித் தேங்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு மூச்சு முட்டும். விளையாட்டு இல்லை.

கண்ணாடி வைத்துச் செய்யும் பழைய உத்தியும் பேசப்பட்டது. ஹென்றி டிர்க்ஸ் என்ற பொறியாளர் யோசித்ததை ஜான் ஹென்றி பெப்பர் மேடைக்குத் தோதாக மாற்றி 1862 கிறிஸ்துமஸ் சமயத்தில் லண்டன் ராயல் பாலிடெக்னிக்கில் காட்டியது. மேடை முன்னால் பெரிய கண்ணாடியைச் சாய்த்து நிறுத்தி, பார்வையாளர் கண்ணில் படாத இடத்தில் நிற்கும் ஆள்மீது வெளிச்சம் பாய்ச்சினால் அவர் பிம்பம் மேடையில் நிற்பதுபோல் தெரியும். வெளிச்சத்தைக் குறைத்தால் கரைந்துபோவார். அருமையான யோசனை. ஆனால் ஆள் உயரக் கண்ணாடியை ஊர் ஊராகச் சுமந்து போக எங்களிடம் இருந்தது ஒரு மினி வேன்.

ஆகவே வலைத்திரைக்கு வந்தோம். மதுரை விளக்குத்தூண் பக்கம் கடைகடையாக ஏறி இறங்கி வலைத்துணி வாங்கினேன். வலைத்திரையின் குணம் இதுதான்: முன்பக்கம் வெளிச்சம் விழுந்து பின்பக்கம் இருட்டாக இருந்தால் சுவர் மாதிரி அடைத்து நிற்கும். முன்பக்கம் அணைத்துப் பின்பக்கம் ஏற்றினால் இல்லாததுபோல் ஆகிவிடும். அதன் பின்னால் அப்பத்தாவை உட்காரவைத்து, விளக்கை மெல்ல மாற்றினால் அவள் கரைந்துபோவாள்.

செய்து பார்த்ததில் கற்றுக்கொண்டவை நிறைய. முன்விளக்கை நேராக அடித்தால் வெளிச்சம் ஓட்டைகள் வழியாக உள்ளே போய்ப் பின்னால் இருப்பதைக் காட்டிக்கொடுக்கும். உச்சியிலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ திரையை உரசிக்கொண்டு போகிற மாதிரி அடிக்க வேண்டும். நைலான் வலை மினுங்கும், பருத்தி வலை மினுங்காது. சுவர் நிறம் கொடுக்க பெயிண்ட் பூசினால் ஓட்டைகள் அடைந்துபோகும், தண்ணீராகக் கரைத்த சாயம்தான் சரி. அடியோரத்தில் பை மாதிரி தைத்து இரும்புக் குழாய் செருகினால்தான் சுருக்கம் போகும், ஒரு சுருக்கம் இருந்தாலும் அது துணி என்று தெரிந்துவிடும். ஆளுக்குப் பின்னால் இன்னொரு கறுப்புத் துணி கட்டாயம். ஒரு ஒத்திகையில் 1000 வாட் விளக்கை வலைக்குப் பக்கத்தில் இறக்கிக் கட்டிவிட்டோம். உள்ளங்கை அகலத்துக்குத் துணி உருகிச் சொட்டியது. அன்றிலிருந்து விளக்குக்கும் துணிக்கும் நடுவே கை நீட்டினால் எட்டாத தூரம் விட்டுத்தான் கட்டுகிறோம், வாளித் தண்ணீரும் மணலும் பக்கத்தில் வைக்காமல் விளக்குப் போடுவதில்லை.

வலைத்திரை வேலை செய்தது. ஆனாலும் வேண்டாம் என்றேன். நாடகம் முழுக்க அப்பத்தா ஒரு வலைக்குப் பின்னால் மங்கலாக உட்கார்ந்திருந்தால், இவள் உயிரோடு இல்லை என்று ஐந்தாவது நிமிடமே ஊருக்குத் தெரிந்துவிடும். பேத்தி அவள் காலை அமுக்கிவிட முடியாது, வெற்றிலை மடித்துக் கொடுக்க முடியாது. தொட முடியாத ஆள் போனால் என்ன, இருந்தால் என்ன?

வழி கிடைத்தது டீச்சரம்மாவால்தான். ஒரு மார்கழிச் சாயங்காலம், ஒத்திகை நடந்த கூடத்தில் குளிர் தாங்காமல் ஒரு பழுப்புக் கம்பளிப் போர்வையைத் தலையோடு போர்த்தி உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சேலை தெரியவில்லை, நரை தெரியவில்லை. அரைவெளிச்சத்தில் தூரத்திலிருந்து பார்த்தபோது போர்வைக்குள் ஆள் இருக்கிறதா என்பதே எனக்குத் தெரியவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

காட்சியைத் திருப்பி எழுதினோம். தொடக்கத்திலேயே பேத்தி, “குளுருதா அப்பத்தா?” என்று கேட்டு அந்தப் போர்வையைப் போர்த்திவிடுகிறாள். பார்க்கிறவருக்கு அது பாசம். எங்களுக்கு அதுதான் பாதி வேலை. சாய்வு நாற்காலியை எடுத்துவிட்டுச் சாதாரண மரநாற்காலி போட்டோம், ஏனென்றால் சாய்வு நாற்காலியிலிருந்து டீச்சரம்மா எழவே 4 விநாடி ஆனது. நாற்காலிக்குப் பின்னால் ஒன்றரை அடியில் சுவர் என்று வரைந்த துணி. அந்தத் துணியில் ஒரு பிளவு, இரண்டு மடிப்பும் ஒன்றின்மேல் ஒன்று முக்கால் அடி ஏறியிருக்கும். உள்ளே புகுந்ததும் தானாக மூடிக்கொள்ளும். 1820இல் லண்டன் லைசியம் அரங்கில் ரத்தக்காட்டேரி நாடகம் ஒன்றுக்காக, ஆள் புகுந்ததும் விசையால் மூடிக்கொள்ளும் இரட்டைக் கதவு செய்தார்களாம். எங்களுடையது அதன் ஏழை உறவு, மடிப்பு ஓரத்தில் தையற்காரர் வைத்துத் தைத்த இரும்பு வளையங்கள்தான் விசை.

பேத்தி தண்ணீர் மோக்க மேடையின் மறுகோடிக்குப் போகிறாள். அவள் போகப்போக அந்தப் பக்கம் வெளிச்சம் ஏறுகிறது, நாற்காலிப் பக்கம் 40 விநாடி எடுத்து மெல்ல இறங்குகிறது. அதைவிட வேகமாக இறக்கினால் கண் கண்டுபிடித்துவிடும். மனிதர் கண் வெளிச்சத்தையும் அசைவையும் தேடித்தான் போகும். அவள் சொம்பைக் கைதவற விடுகிறாள், வெண்கலச் சொம்பு உருண்டு ஓடுகிறது. அரங்கமே சொம்பைப் பார்க்கும் அந்த நேரத்தில் டீச்சரம்மா பின்னால் நழுவிப் பிளவுக்குள் போய்விடுகிறார். வெறுங்கால், கையில் வளையல் கிடையாது, உள்ளே தரையில் சின்ன ரேடியம் ஸ்டிக்கர் ஒன்று வழி காட்டும்.

போனவர் பேசுவதை நிறுத்துவதில்லை. அந்தத் துணிக்குப் பின்னால் நாற்காலிக்கு நேராக நின்றுகொண்டே, “பாத்து, கால்ல போட்டுக்காத” என்கிறார். அதே குரல், அதே இடத்திலிருந்து. குரல் வருகிறவரை ஆள் இருக்கிறார் என்றே மனசு எடுத்துக்கொள்ளும், யாரும் நாற்காலியைச் சரிபார்ப்பதில்லை. ஒலிபெருக்கியில் பதிவு போட்டுப் பார்த்தோம், குரல் பக்கச்சுவரிலிருந்து வந்து கெடுத்துவிட்டது. நேரடிக் குரலுக்கு ஈடு இல்லை.

நாற்காலியில் போர்வை உட்கார்ந்திருக்க வேண்டுமே, அதற்கு அஸ்ரா உதவியது. செர்வே லெ ராய் என்ற மந்திரவாதியின் பெயரோடு சொல்லப்படும் வித்தை அது. துணி மூடிய பெண் அந்தரத்தில் மிதப்பாள், துணியை உருவினால் ஆள் இருக்கமாட்டாள். துணிக்கு உள்ளே இருப்பது ஆள் வடிவக் கம்பிக்கூடு. நாங்கள் மெல்லிய பிரம்பை வளைத்துத் தலைக்கு ஒரு வளையம், தோளுக்கு ஒரு வில் என்று கட்டி, நாற்காலியின் பின்சட்டத்தில் கீல் வைத்துப் பொருத்தினோம். டீச்சரம்மா அதற்கு உள்ளேதான் காட்சி முழுக்க உட்கார்ந்திருப்பார். போர்வை பிரம்பின்மேல் கிடக்கும், முதுகுப் பக்கம் திறந்திருக்கும். நாற்காலிக்கு முதுகுப்பலகையே கிடையாது, அறுத்து எடுத்துவிட்டோம். அவர் பின்னால் நழுவினால் போர்வை அசையாது.

பேத்தி சொம்போடு திரும்பி வருகிறாள். அப்பத்தா பேசிக்கொண்டிருக்கிறாள். “மேல்தட்டுல உனக்குன்னு ஒண்ணு…” பேச்சு நிற்கிறது. பேத்தி காத்திருக்கிறாள். “அப்பத்தா?” தோளில் கை வைக்கிறாள். போர்வை அப்படியே தணிந்து நாற்காலியில் விழுகிறது.

முதல் தடவை அதுவும் சொதப்பியது. பிரம்பை மடக்கத் தூண்டில் நரம்பு கட்டி, சுவர்த்துணிக்குப் பின்னால் ஒரு தம்பியிடம் கொடுத்திருந்தோம். பதற்றத்தில் அவள் கை படுவதற்கு முன்பே இழுத்துவிட்டான். போர்வை தானாக விழ, யாரோ சிரித்தார்கள். சிரித்தவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மறுநாளே நரம்பை அறுத்துப் போட்டோம். தோள் வில்லில் ஒரு சின்னக் கொக்கி, பேத்தியின் கட்டைவிரல் அதை அமுக்கினால்தான் மடங்கும். எத்தனை விநாடி காத்திருப்பது, எப்போது தொடுவது என்பதெல்லாம் அழப்போகிறவள் கையிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சில நாள் அவள் 3 விநாடியில் தொடுவாள். ஒருநாள் 11 விநாடி தொடவே இல்லை. நான் விளக்கு மேசையில் எண்ணிக்கொண்டிருந்தேன், கை நடுங்கியது. போர்வை விழுந்தபோது அரங்கத்தில் ஒரு சத்தம் இல்லை. கொஞ்சம் கழித்து முன்வரிசையில் ஒரு அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

இதைச் செய்யப்போகிறவர்கள் கட்டாயம் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. சுவர்த்துணி கட்டியதும் இயக்குநர் போய் முதல் வரிசையின் இரண்டு கோடி இருக்கைகளிலும் உட்கார வேண்டும், மாடி இருந்தால் மாடியிலும். நடுவில் நின்று பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். எங்களுக்கு இடது கோடியிலிருந்து பிளவு முழுக்கத் தெரிந்தது. நாற்காலியைக் கொஞ்சம் சாய்த்துப் போட்டு, பக்கத்தில் ஒரு குதிர் வைத்து மறைத்தோம்.

பிறகு ஒரு கிராமத்தில் போடக் கூப்பிட்டார்கள். கோயில் திடல், இரண்டு குழல்விளக்கு, மேலே நிலா. சுவர்த்துணி கட்ட இடமில்லை, வெளிச்சம் ஏற்றி இறக்க வசதியில்லை, மூன்று பக்கமும் ஜனம். நாற்காலி வேலைக்கே ஆகாது. அண்ணாச்சிதான், “கூத்துல என்ன பண்றான்? ரெண்டு பேர் துணியப் புடிச்சுக்கிட்டு நிப்பான், பின்னால வேஷம் வந்து நிக்கும். அதத் திருப்பிப் போடுங்க” என்றார். தெருக்கூத்தில் வேஷக்காரர் வருவதே பிடித்த திரைக்குப் பின்னாலிருந்துதான். வருவதற்கு உள்ள திரை, போவதற்கும் ஆகும்.

இரண்டு கொடிக்கயிறு கட்டினோம், ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக, நாலு அடி இடைவெளி. முன்கயிற்றில் அப்பத்தாவின் சுங்குடிச் சேலை இரண்டு மடிப்பாக. ஒற்றை மடிப்பாகப் போட்டால் பின்னால் இருக்கும் விளக்கில் நிழல் விழும். பின்கயிற்றில் போர்வையும் பழைய துப்பட்டியும், திடலின் இடது ஓரம் வரைக்கும். திடலின் இரண்டு பக்கவாட்டிலும் உட்கார்ந்திருந்தவர்களிடம் கேட்டுக்கொண்டு பத்தடி முன்னால் நகர்த்தி உட்காரவைத்தோம். அப்பத்தா சேலையை உலர்த்திக்கொண்டே பேசுகிறாள், சேலைக்குப் பின்னால் போகிறாள், பாதம் மட்டும் தெரிகிறது. பேத்தி வந்து முன்னால் ஒரு வாளியை வைக்கிறாள், பாதம் மறைகிறது. குரல் வந்துகொண்டே இருக்கிறது. டீச்சரம்மா பேசிக்கொண்டே பின்கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுவிட்டார்.

“மேல்தட்டுல உனக்குன்னு ஒண்ணு…”

பேத்தி, “என்ன அப்பத்தா?” என்று கேட்டபடியே சேலையைக் கயிற்றிலிருந்து உருவினாள். சேலை அவள் கையோடு வந்தது. அந்தப் பக்கம் காற்றும், பின்கயிற்றில் கிடந்த போர்வையும்தான். அவள் சேலையை மடிக்க ஆரம்பித்தாள். முந்தானையை முந்தானையோடு சேர்த்து, நெஞ்சில் அணைத்து, ஓரம் நீவி, நாலாக, எட்டாக. ஒத்திகையில் அப்படி ஒன்றும் இல்லை, அன்றைக்கு அவளாகச் செய்தாள். தரையில் உட்கார்ந்திருந்த கிழவிகள் ஒருத்தரும் பேசவில்லை. மடித்து முடித்ததும், முன்னால் இருந்த ஒரு பாட்டி எழுந்து போய் அந்தச் சேலையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

அடுத்த வசனத்தை நாங்கள் சொல்லவில்லை. நான் விளக்கை அணைக்கச் சொல்லி ஆள் அனுப்பினேன்.